குழியில் வைத்த பழம்

சந்தையில் ஆரஞ்சுப் பழக் கடையைப் பார்த்திருப்பீர்கள். பழங்களைக் கோபுரம் போல அடுக்கியிருப்பார்கள். கீழே அகலம். மேலே போகப் போகக் குறுகல். உச்சியில் ஒரே ஒரு பழம்.

கடைக்காரரின் கையைக் கவனியுங்கள். ஒரு பழத்தின் தலைமேல் இன்னொரு பழத்தை வைப்பாரா? வைக்க மாட்டார். வைத்தால் உருண்டு விழும். கீழே உள்ள பழங்களுக்கு நடுவில் ஒரு குழி இருக்கும். அந்தக் குழியில்தான் அடுத்த பழத்தை வைப்பார்.

இதனால் பழம் உருளாது. இடமும் மிச்சமாகும்.

எவ்வளவு மிச்சம்?

ஒரு பெரிய பெட்டியின் இடத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். பழங்கள் எல்லாம் ஒரே அளவு உருண்டைகள்.

பழத்துக்கு மேல் பழமாக நேர் வரிசையில் அடுக்கினால், பழங்கள் சுமார் 52 பங்கு இடத்தை அடைக்கும். மீதி 48 பங்கு வெறும் காற்று.

குழியில் வைத்து அடுக்கினால் சுமார் 74 பங்கு இடம் நிறையும். காற்று 26 பங்குதான்.

அதாவது, 100 பழம் பிடித்த இடத்தில் ஏறக்குறைய 140 பழம் பிடிக்கும். சிறிய பெட்டியில் ஓரங்களில் இடம் வீணாகும். அதனால் கணக்கு சற்று மாறும்.

இதைவிட நெருக்கமாக அடுக்க முடியுமா?

"முடியாது" என்று 1611ஆம் ஆண்டில் எழுதினார் கெப்ளர். இவர் ஜெர்மானிய வானியல் அறிஞர். ஆனால் அதை அவர் நிரூபிக்கவில்லை.

"இது எங்களுக்குத் தெரியாதா?" என்று கடைக்காரர் சிரிக்கலாம். அது அவர் கை கண்ட உண்மை. ஆனால் உருண்டைகளை அடுக்க எண்ணற்ற வழிகள் உண்டு. எல்லாவற்றையும் அடுக்கிப் பார்க்க யாராலும் முடியாது. இதைவிட நல்ல வழி ஒன்று நம் கண்ணில் படாமல் இருந்தால்?

இந்தக் கேள்விக்கு விடை காண 387 ஆண்டுகள் ஆயின. 1998இல் அமெரிக்கக் கணித அறிஞர் தாமஸ் ஹேல்ஸ் கணினியின் துணையோடு இதை நிரூபித்தார். அவருடைய மாணவர் சாமுவேல் பெர்குசனும் உதவினார்.

அந்த நிரூபணம் மிக நீளமானது. 12 அறிஞர்கள் பல ஆண்டுகள் சரிபார்த்தார்கள். "99 சதவீதம் உறுதி" என்றார்கள். ஹேல்ஸுக்கு அது போதவில்லை. ஒரு குழுவைச் சேர்த்தார். ஒவ்வொரு படியையும் கணினியால் சோதித்தார்கள். 2014இல் அந்த வேலை முடிந்தது.

கடைக்காரரின் கை செய்ததே சரி!

எண்ணாமலே கணக்கிடலாம்

குவியலில் எத்தனை பழம்? இதற்கு 499ஆம் ஆண்டிலேயே நம் நாட்டு அறிஞர் ஆரியபட்டர் வழி சொன்னார்.

முக்கோணமாக 4 அடுக்கு வையுங்கள். மேலிருந்து கீழே 1, 3, 6, 10 பழங்கள் இருக்கும். கூட்டினால் 20.

ஆரியபட்டர் வழி: அடுக்கின் எண்ணிக்கை 4. அடுத்த இரண்டு எண்கள் 5, 6. மூன்றையும் பெருக்குங்கள். 6ஆல் வகுங்கள்.

4 × 5 × 6 = 120
120 ÷ 6 = 20

செய்து பாருங்கள்

1. ஒரே அளவுள்ள 10 எலுமிச்சம்பழங்களை எடுங்கள். 6 பழங்களை முக்கோணமாக வையுங்கள். குழிகளில் 3 பழங்கள், அதன்மேல் 1 பழம் வையுங்கள்.

2. 5 அடுக்குக் குவியலில் எத்தனை பழம்? (விடை: 35)

3. உங்கள் தொழிலில் கை கண்ட உண்மை எது? அது ஏன் சரி? கூடிப் பேசுங்கள். நான்கு வரி எழுதுங்கள்.