காது கேட்கும் கருவி ஓய்ந்துவிட்டால்...

முதுமையினாலோ, நோயினாலோ, ஆண்டுக்கணக்கில் இயந்திர இரைச்சலுக்கு நடுவே உழைத்ததனாலோ செவிப்புலன் குன்றியவர்கள் நம் தோட்டப்புறங்களில் உள்ளனர். அவர்களுள் சிலர் மருத்துவமனையில் சோதனை செய்துகொண்டு, காது கேட்கும் கருவியைப் பெற்று அணிகின்றனர். ஆயினும், சில மாதங்கள் கழிந்ததும் அக்கருவி அலமாரியின் மூலையில் கிடப்பதைப் பல வீடுகளில் காண்கிறோம். “அது கெட்டுப்போய்விட்டது” என்பதே அதற்குக் கூறப்படும் காரணம்.

உண்மையில், ஓய்ந்துபோன கருவிகள் எல்லாம் பழுதடைந்தவை அல்ல. மின்கலம் தீர்ந்திருக்கலாம், குறும்பி துளையை அடைத்திருக்கலாம், குழலுக்குள் வியர்வை நீர் தேங்கியிருக்கலாம். இம்மூன்றையும் நாம் வீட்டிலேயே சரிசெய்ய இயலும். இதனை அறியாத குடும்பத்தார், பெரியவருக்கு முற்றிலும் செவிடாகிவிட்டது என்று எண்ணி, அவரிடம் பேசுவதையே குறைத்துவிடுகின்றனர். கருவி அணியும் பள்ளிப் பிள்ளையோ, பாடத்தில் கவனமில்லாதவன் என்று பெயர் வாங்குகிறான். பழுது சிறிது, அதனால் விளையும் துன்பமோ பெரிது.

கருவியின் அமைப்பு

காதின் பின்புறம் அணியும் கருவியையே இங்கு எடுத்துக்கொள்வோம். வெளியிலுள்ள ஓசையை வாங்குவது ஒலிவாங்கி. அதனைப் பெருக்குவது உள்ளிருக்கும் மின்னணுப் பகுதி. பெருகிய ஓசை, வளைந்த கொக்கி வழியாகவும் மெல்லிய குழல் வழியாகவும் சென்று, காதுக்குள் பொருந்தும் அச்சின் துளையால் செவியை அடைகிறது. இவ்வழியில் எங்குத் தடை ஏற்பட்டாலும் ஓசை நின்றுவிடும். ஆதலின், ஒவ்வோர் இடமாகச் சோதித்து வருவதே முறை.

முதலில் மின்கலம்

ஓசையே வரவில்லையெனில், கருவி இயங்கும் நிலையில் உள்ளதா, ஒலியளவு குறைக்கப்பட்டிருக்கிறதா, மின்கலக் கதவு முழுமையாக மூடியுள்ளதா எனப் பார்க்க வேண்டும். கதவு மூட மறுத்தால் அழுத்துதல் கூடாது. மின்கலம் தலைகீழாக வைக்கப்பட்டிருக்கலாம். கூட்டல் குறி உள்ள பக்கம் எது என்று பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும்.

பேட்டரி எனப்படும் இம்மின்கலம் நான்கு அளவுகளில் கிடைக்கிறது. 10 ஆம் எண்ணுக்கு மஞ்சள், 312 க்குப் பழுப்பு, 13 க்கு ஆரஞ்சு, 675 க்கு நீலம் என ஒட்டுத்தாளின் நிறம் அமைந்திருக்கும். நிறத்தை நினைவில் வைத்தால் கடையில் தவறு நேராது. துத்தநாகமும் காற்றும் சேர்ந்தே இதில் மின்சாரம் உண்டாகிறது. ஒட்டுத்தாளை உரித்தபின் ஓரிரு நிமிடம் காற்றுப்பட வைத்து, அதன் பின்னரே கருவியில் இட வேண்டும். உரித்த தாளை மீண்டும் ஒட்டுவதால் பயனில்லை. காற்றுப்பட்ட மின்கலம் பயன்படுத்தாவிட்டாலும் நாளடைவில் தீர்ந்துவிடும். எனவே, தேவைப்படும் வேளையில் மட்டுமே உரிக்க வேண்டும்.

மின்னேற்றிப் பயன்படுத்தும் கருவியாயின், மின்னேற்றும் பெட்டியில் அது சரியாக அமர்ந்ததா, இரண்டிலுமுள்ள உலோகப் புள்ளிகள் தூய்மையாக உள்ளனவா எனக் கவனிக்க வேண்டும்.

அடுத்து அச்சும் குழலும்

மின்கலம் மாற்றியும் ஓசை வராவிடில், அச்சின் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். குறும்பி அடைத்திருந்தால், அச்சையும் குழலையும் கொக்கியிலிருந்து மெல்லக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவலாம். கருவியின் மீது ஒரு துளி நீரும் படலாகாது. கழுவிய பின் குழலுக்குள் நீர் தங்காதவாறு காற்றுப் பந்தினால் ஊதி, இரவு முழுவதும் உலர விட்டு, காலையில் பொருத்த வேண்டும். இடது, வலது மாறாமலிருக்க ஒவ்வொன்றாகச் செய்வது நன்று. குழல் மஞ்சள் நிறமாகி விறைத்தோ, வெடித்தோ இருந்தால் புதுக்குழல் மாற்றும் காலம் வந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

கருவி ‘கீ’ என்று சீழ்க்கை அடித்தால், பெருகிய ஓசை வெளியே கசிந்து மீண்டும் ஒலிவாங்கியை அடைகிறது என்பது பொருள். அச்சைக் கழற்றிச் சரியாகப் பொருத்த வேண்டும். அப்போதும் நிற்காவிடில், குழலில் வெடிப்பு இருக்கலாம், அச்சு தளர்ந்திருக்கலாம், காதினுள் குறும்பி நிறைந்திருக்கலாம். தீக்குச்சியாலோ கொண்டை ஊசியாலோ காதைக் குடைதல் பெருந்தீங்கு. மருத்துவரிடம் காட்டுவதே தக்கது.

ஈரமே பெரும் பகை

நம் நாட்டின் ஈரக்காற்றும், உழைப்போரின் வியர்வையும் கருவிக்குப் பகைவர். வேலை முடிந்ததும் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, இரவில் மின்கலக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் இட்ட மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். மின்கலத்தை வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். அடுப்பருகிலும் வெயிலிலும் காய வைத்தல் ஆகாது. தலைக்கு எண்ணெய் தடவி, முகத்திற்குப் பவுடர் பூசிய பின்னரே கருவியை அணிதல் வேண்டும்.

செய்யக் கூடாதவை

கருவியின் மேலுறையைத் திருகாணி கொண்டு திறப்பதும், ஒலிவாங்கித் துளையில் ஊசியைச் செலுத்துவதும், உடைந்த அச்சைப் பசையிட்டு ஒட்டுவதும் கூடா. இவை சிறு பழுதைப் பெரும் பழுதாக்கும். பழைய மின்கலங்களைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். குழந்தை அதனை விழுங்கிவிட்டாலோ, மூக்கிலோ காதிலோ நுழைத்துக்கொண்டாலோ, சற்றும் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மேற்கூறிய யாவும் செய்தும் ஓசை வராவிடில், கருவியை வழங்கிய இடத்திற்கே எடுத்துச் செல்ல வேண்டும். கருவி நன்றாக இயங்கியும் திடீரெனக் காது கேளாமற் போனாலோ, வலி, சீழ், இரத்தம் காணப்பட்டாலோ, அது கருவியின் பழுதன்று. உடனே மருத்துவரை நாட வேண்டிய நோய்.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. நிறுத்தி வைத்த கருவி, இரைச்சலிலிருந்து செவியைக் காக்காது. புல்வெட்டும் இயந்திரத்தையோ ஆலை இயந்திரத்தையோ இயக்குவோர், அதற்கென உள்ள காதுக் காப்பினையே அணிய வேண்டும். நாள்தோறும் தொழிலாளியின் செவியில் படும் இரைச்சல் 85 டெசிபல் அளவைத் தாண்டலாகாது என 2019 ஆம் ஆண்டின் இரைச்சல் விதிகள் முதலாளிக்குக் கட்டளையிடுகின்றன. வேலையிடத்து இரைச்சலால் செவிப்புலன் குன்றியதென மருத்துவர் கூறினால், சொக்சோ அலுவலகத்தில் விண்ணப்பிக்கும் வழியும் நமக்கு உண்டு.

அலமாரியில் கிடக்கும் கருவி நம் வீட்டில் இருக்குமாயின், இன்றே எடுத்துச் சோதித்துப் பார்ப்போமாக. புதிய மின்கலம் ஒன்றும் சிறிது சோப்பு நீரும் ஒரு பெரியவரை மீண்டும் குடும்பப் பேச்சில் அமர்த்தக் கூடும். அம்முயற்சிக்கு ஆகும் நேரமோ மிகச் சிறிது.