மாறுகண் அதிர்ஷ்டமா?

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது. இடது கண் மூக்குப் பக்கம் திரும்பி நிற்கிறது. "மாறுகண் அதிர்ஷ்டம், தானாகச் சரியாகும்" என்கிறார் மாமியார். ஆபரேஷன் என்றால் பயமாக இருக்கிறது.

பதில்: அதிர்ஷ்டத்தை விடுங்கள், பார்வையைக் கவனியுங்கள். பிறந்த முதல் சில மாதங்களில் கண் அவ்வப்போது விலகலாம். மூன்று வயதில் இப்படி நின்றால் காத்திருக்கக் கூடாது. விலகிய கண் அனுப்பும் காட்சியை மூளை ஒதுக்க ஆரம்பிக்கும். அது 'சோம்பேறிக் கண்' ஆகிவிடும்.

டாக்டர் டார்ச் அடித்து, ஒளிப்புள்ளி இரு கருவிழிகளிலும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பார்ப்பார். ஒரு கண்ணை மறைத்து மற்றது நகர்கிறதா என்று கவனிப்பார். பிறகு சொட்டு மருந்து விட்டு பவர் அளந்து, விழித்திரையையும் சோதிப்பார். அரிதாக, விழித்திரைப் புற்றுநோய்கூட மாறுகண்ணாகத் தலைகாட்டும். தூரப்பார்வைதான் காரணம் என்றால் பல குழந்தைகளுக்குக் கண்ணாடியே போதும், கத்தியே வேண்டாம்.

ஆபரேஷனில் கண்ணை வெளியே எடுப்பார்கள் என்பது கட்டுக்கதை. மயக்க மருந்து கொடுத்து, விழியை அசைக்கும் ஆறு தசைகளில் அதிகம் இழுப்பதைப் பின்தள்ளித் தைப்பார்கள். தேவைப்பட்டால் எதிர்த் தசையைச் சுருக்குவார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். சிலருக்கு இரண்டாம் முறையும் தேவைப்படும். சோம்பேறிக் கண்ணுக்கு இது மருந்தல்ல. அதற்கு நல்ல கண்ணை பேட்ச் போட்டு மறைக்க வேண்டும். அழுவாள், பிய்த்தெறிவாள், விடாதீர்கள். இந்த வாரமே குழந்தைகள் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.