கடலில் மேயும் ஓந்தி

வேலியின்மேல் அமர்ந்து தலையை ஆட்டும் ஓணானை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஓணானுக்கு ‘ஓந்தி’ என்னும் பெயரும் உண்டு. அதன் உறவினங்களுள் ஒன்றே இகுவானா. உருவத்தில் பெரியது ஆதலால் அதனைத் தமிழில் ‘பேரோந்தி’ என்பர். பார்வைக்கு உடும்பு போலத் தோன்றினும், இகுவானா ஓணானுக்கும் பச்சோந்திக்குமே நெருங்கிய இனம். நம் நாட்டு உடும்பு ஊன் உண்ணும். இகுவானாக்களோ பெரும்பாலும் இலை தழைகளையே உண்கின்றன.

பல்லியினங்கள் தம் உடல் வெப்பத்திற்குக் கதிரவனையே நம்பியுள்ளன. ஆகவே, வெப்பமண்டல நாடுகளில் அவை மிகுதியாக வாழ்கின்றன. இகுவானாக்களுள் பெரும்பாலானவை அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. மரங்களில் வாழ்வனவும் பாலைநிலத்தில் வாழ்வனவும் அவற்றுள் உள. ஆனால், உணவுக்குக் கடலையே நம்பி வாழும் பல்லியினம் உலகில் ஒன்றே. அதுவே கடல் இகுவானா.

ஈக்வடார் நாட்டிற்கு மேற்கே ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் பெருங்கடலில் கலாபகோஸ் தீவுகள் உள்ளன. கடல் இகுவானா அங்கு மட்டுமே வாழ்கிறது. 1835ஆம் ஆண்டில் அங்குச் சென்ற அறிஞர் சார்லஸ் டார்வின் இதனைக் கண்டு எழுதியுள்ளார். இது குளிர்ந்த நீரில் மூழ்கிப் பாறைகளில் படர்ந்த பாசியை மேயும். பின்னர்க் கரையேறிக் கரும்பாறைகளில் வெயில் காயும். உடலில் சேரும் மிகுதியான உப்பை மூக்கின் வழியே பீய்ச்சி வெளியேற்றும்.

சில ஆண்டுகளில் ‘எல் நினோ’ என்னும் மாற்றத்தால் கடல்நீர் வெப்பமடைகிறது, பாசி குறைகிறது. அப்போது கடல் இகுவானாவின் உடல் நீளமே ஐந்தில் ஒரு பங்கு வரை சுருங்குவதுண்டு. உணவு பெருகியதும் அது மீண்டும் வளர்கிறது.

2001ஆம் ஆண்டில் அத்தீவுகளின் அருகே கப்பலொன்று தரைதட்டியதால், கடலில் எண்ணெய் பரவியது. சாண்டா ஃபே தீவில் வாழ்ந்த கடல் இகுவானாக்களுள் பாதிக்கு மேற்பட்டவை ஓராண்டிற்குள் மடிந்தன. பஞ்சத்தைத் தாங்கத் தன் உடலையே சுருக்கிக்கொள்ளும் இவ்வுயிரால், மனிதர் சிந்திய எண்ணெயைத் தாங்க இயலவில்லை. கடலைத் தூய்மையாகக் காப்பது நம் கடமை அன்றோ?

சொற்பொருள்
ஊன் – இறைச்சி
கதிரவன் – சூரியன்
மடிந்தன – இறந்தன

பயிற்சி
1. இகுவானா ‘பேரோந்தி’ எனப்படுவது ஏன்?
2. கடல் இகுவானா தன் உடலில் சேரும் உப்பை எவ்வாறு வெளியேற்றுகிறது?
3. பிரித்து எழுதுக: இவ்வுயிர், வெயிலில்லை.
4. நீங்கள் வாழும் ஊரில் கண்ட ஓணான் அல்லது பல்லியைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.