பெண்ணின் உழைப்பும் பெண்ணின் பாகமும்

"கணவன் இருக்கும்போது பெண்ணுக்கு எதற்குத் தனிப் பணம்?" என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. "நகை போட்டுச் சீர் செய்து கட்டிக் கொடுத்தாயிற்று, இனி வீட்டிலும் நிலத்திலும் அவளுக்கு என்ன பாகம்?" என்பவர்களும் உண்டு. இது வழக்கத்தின் பேச்சு, மார்க்கத்தின் பேச்சல்ல. மார்க்கம் சொல்வதை மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்டு அறிவோம்.

1. உழைத்த கூலி யாருக்கு?

ஆண்கள் சம்பாதித்ததில் ஆண்களுக்குப் பங்குண்டு, பெண்கள் சம்பாதித்ததில் பெண்களுக்குப் பங்குண்டு என்பது திருமறையின் 4-ஆம் அத்தியாயம் 32-ஆம் வசனத்தின் கருத்து.

அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) கையில் பொருளுடையவர். கணவரோ வசதி குறைந்தவர். கணவருக்கும் தம் பொறுப்பிலிருந்த அனாதைகளுக்கும் அவரே செலவு செய்து வந்தார். பெண்கள் தர்மம் செய்ய வேண்டுமென்று நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்தியபோது, "இவர்களுக்குச் செய்வது ஸதகாவாகுமா?" என்று பிலால் (ரலி) மூலம் கேட்டறிந்தார். உறவைப் பேணிய கூலி, தர்மத்தின் கூலி என இரண்டு கூலிகள் உண்டு என்று பதில் வந்தது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்த ஹதீஸ் உள்ளது.

இதைச் சற்றுச் சிந்தியுங்கள். மனைவியின் பணம் கணவனுடையதே என்றிருந்தால், அதை அவனுக்குக் கொடுப்பது எப்படித் தர்மமாகும்? குடும்பச் செலவு கணவன் மீது கடமை. மனைவி கொடுப்பது அவளுடைய பெருந்தன்மை. வற்புறுத்திப் பெறும் உரிமை கணவனுக்கு இல்லை.

2. வேலைக்காக வெளியே செல்லலாமா?

ஜாபிர் (ரலி) அவர்களின் சிறிய தாயார் தலாக் சொல்லப்பட்டு இத்தாவில் இருந்தார். தம் பேரீச்சை மரங்களில் கனி பறிக்கப் புறப்பட்டவரை ஒருவர் கண்டித்துத் தடுத்தார். அந்த அம்மையார் நேரே நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட்டார். அதற்குப் பெருமானார் அனுமதி அளித்தார்கள். அந்த வருவாயிலிருந்து நீ தர்மம் செய்யலாம், நன்மை செய்யலாம் என்ற கருத்தையும் கூறினார்கள். இது முஸ்லிமில் உள்ள ஹதீஸ்.

இத்தாவில் இருந்தவருக்கே தம் தோட்டத்தைக் கவனிக்க அனுமதி கிடைத்தது. அப்படியிருக்க, மார்க்க ஒழுக்கம் பேணிப் பள்ளிக்கூடத்திலோ மருத்துவமனையிலோ பணிபுரியும் பெண்ணை ஏளனம் செய்ய நாம் யார்? 1989-இல் இந்திய உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானவர் ஃபாத்திமா பீவி என்ற முஸ்லிம் பெண்மணி. 1997 முதல் 2001 வரை தமிழகத்தின் ஆளுநராகவும் இருந்தார். படிக்க வைத்ததால்தான் அந்தப் பதவிகள் அவரைத் தேடி வந்தன.

3. பாகம் யார் கொடுப்பது?

உஹது போரில் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) ஷஹீதானார். அவருடைய சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக் கொண்டார். விதவை தம் இரு பெண் மக்களுடன் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து நின்றார். அப்போது வாரிசுரிமை வசனம் இறங்கியது. பெண் மக்களுக்கு மூன்றில் இரண்டு, மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதி சகோதரருக்கு என்று தீர்ப்பாயிற்று.

24 ஏக்கர் நிலம் என்று வைத்துக் கொண்டால், மகள்களுக்கு எட்டு எட்டாக 16, மனைவிக்கு 3, சகோதரருக்கு 5.

மகனும் இருந்தால் அவனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. இது ஏன் என்று மேடையில் விளக்கம் சொல்கிறோம். ஆனால் அந்த ஒரு பங்கையேனும் கொடுத்தோமா? இங்கிலாந்தில் மணமான பெண்ணுக்குச் சொத்துரிமைச் சட்டம் 1882-இல்தான் முழுமையாக வந்தது என்று பெருமை பேசுகிறோம். பேச்சு உண்மைதான். ஏட்டிலுள்ள உரிமை நம் சகோதரியின் கைக்கு வராத வரை அந்தப் பெருமை நமக்கு எதிரான சாட்சியே.

சட்டத்தின் மீதும் பழி போட முடியாது. 1937-இன் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. 1949-இல் சென்னை மாகாணத் திருத்தம் அந்தக் குறையையும் நீக்கிற்று.

தடையாக நிற்பது விடுதலைப் பத்திரம்தான். "அண்ணன் வீட்டு வாசல் அடைபட்டுவிடுமே" என்று அஞ்சிச் சகோதரி இடும் கையெழுத்து மனமுவந்த விட்டுக்கொடுத்தல் ஆகுமா? பாகங்களைக் கூறிய உடனேயே, 13, 14-ஆம் வசனங்களில், இவை அல்லாஹ்வின் வரம்புகள் என்றும், மீறுவோருக்கு நரகம் என்றும் இறைவன் எச்சரிக்கிறான். தொழுகையாளிக்கும் இந்த எச்சரிக்கை உண்டு.

நாம் செய்ய வேண்டியவை

மேலப்பாளையம் போன்ற ஊர்களில் நம் பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார்கள். இலை வெட்டி, தூள் வைத்து, நூல் கட்டி உழைப்பது அவர்கள் கை. கூலிக் கணக்கும் வங்கிக் கணக்கும் அவர்கள் பெயரிலேயே இருக்கட்டும். தந்தை மவுத்தானால், அடக்கச் செலவும் கடனும் வஸிய்யத்தும் தீர்ந்தபின், தாமதமின்றிப் பாகம் பிரியுங்கள். சகோதரி கேட்கும் வரை காத்திராதீர்கள். முதலில் அவள் பாகத்தை அவள் பெயரில் பதிவு செய்யுங்கள். விட்டுக் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு அவள் தீர்மானிக்கட்டும். மகனுக்குத் தேடும் கல்லூரியை மகளுக்கும் தேடுங்கள்.

பிறர் ஹக்கைச் சுமந்தவர்களாக மறுமையில் நிற்காமல் வல்ல நாயன் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.