மணி கோக்கும் நேரம் பார்த்துக் கதை சொல்லுங்கள்

பழனி அடிவாரத்தில் ஊசிமணி, பாசிமணி விற்கும் நரிக்குறவர்களுக்குக் கந்தபுராணம் சொல்லும் பணி கிடைத்திருக்கிறதா? புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். தமக்குள் அவர்கள் பேசும் வாக்ரிபோலி, குஜராத்திக்கு உறவான மொழி. தனி எழுத்து இல்லாதது. தமிழும் நன்றாகப் பேசுவார்கள். ஆனால் செய்யுளும் பதவுரையும் அங்கே எடுபடாது.

தைப்பூசம், பங்குனி உத்திரம் பக்கம் போகவே வேண்டாம். அவை அவர்கள் நாலு காசு பார்க்கும் நாட்கள். கூட்டம் வடிந்தபின், மணி கோக்க உட்காரும் நேரமாகப் பார்த்துப் போங்கள். கைதான் வேலையில் இருக்கும், காது உங்களுக்குத்தான்.

கந்தபுராணம் பாடிய கச்சியப்ப சிவாச்சாரியார் அதன் ஆறு காண்டங்களின் கடைசியில் வைத்தது வள்ளி திருமணம். நீங்கள் அதில் தொடங்குங்கள். வேடர் தலைவன் வளர்த்த பெண், தினைப்புனக் காவல், வேடனாக வந்து வேங்கை மரமாக நிற்கும் முருகன், யானையைக் கண்டு, கிழவராக வந்த அவனிடமே ஓடும் வள்ளி. வேட்டையாடி வாழ்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு இதில் எதை விளக்க வேண்டும்? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்தத் தொழிலுக்கு வழியில்லாமல் போனது. கண்ணி வைப்பது எப்படி, தடம் பார்ப்பது எப்படி என்று பெரியவர்களிடம் கேளுங்கள். உங்கள் கதைக்கு உயிர் வரும். ஆனால் 'வள்ளி உங்க குலம்' என்று உறவு கொண்டாட வேண்டாம். வள்ளியைக் குறமகள் என்பார்கள்; ஆனால் குறவர் வேறு, நரிக்குறவர் வேறு.

கதை முடிந்ததும் 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் 'ஆமாங்க சாமி' என்றுதான் பதில் வரும். அதனால் பயனில்லை. கேட்டவர்களில் பேச்சில் கெட்டிக்காரரான ஒருவரை, பாட்டியானால் இன்னும் நல்லது, அதே கதையை வாக்ரிபோலியில் சொல்லச் சொல்லுங்கள். பக்கத்தில் ஓர் இளைஞர் அதைத் தமிழில் உங்களுக்குச் சொல்லட்டும். சம்பவம் பிசகியிருந்தால் மட்டும் திருத்துங்கள். சொல்லும் விதத்தில் கைவைக்காதீர்கள். இனி அந்தப் பாட்டிதான் கதைசொல்லி, நீங்கள் உதவியாள். செல்போனில் பதிவுசெய்து அவர்களுக்கே கொடுங்கள். வியாபாரத்தை விட்டுவிட்டு வந்ததற்கு அன்றைய வருமானத்தைக் கணக்கிட்டுச் சம்பளமும் கொடுங்கள். இதில் கஞ்சத்தனம் கூடவே கூடாது.

அவர்களுக்கென்று தெய்வங்கள் உண்டு. குடும்பத்தில் சாமி மூட்டை வைத்துக் காப்பார்கள். அதைத் தொடுவதோ பிரிக்கச் சொல்வதோ படமெடுப்பதோ கூடாது.

2023 ஜனவரியில் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். சாதிச் சான்றிதழுக்கு மனு எழுதித் தரச் சொல்லி யாராவது வந்தால், கதையை நிறுத்திவிட்டு முதலில் அதை எழுதிக் கொடுங்கள்.