பழைய காரின் ரப்பர் குழாய்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

1950களின் இறுதியில் உத்தரபாராவில் உற்பத்தி தொடங்கி 2014இல் நின்றுபோன அம்பாசடரும், 1983 டிசம்பரில் வெளிவந்து அதே 2014இல் விடைபெற்ற மாருதி 800உம், திருநெல்வேலிச் சீமையின் வீட்டு முற்றங்களில் இன்றும் போற்றிப் பாதுகாக்கப்படுவதைக் காணும்போது உள்ளம் மகிழ்கிறது. ஆனால் பானெட்டைத் திறந்தால், ஒரு குழாய் இடம் மாறியும், மற்றொன்று திருகாணியால் அடைபட்டும் கிடப்பதைக் கண்டு அந்த மகிழ்ச்சி குன்றிவிடுகிறது. நல்லெண்ணத்தோடு ஒருவர் மற்றவருக்குச் சொல்லிச் சொல்லி ஊன்றிவிட்ட சில நம்பிக்கைகளே இதற்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

முனையில் இறுக்கமாக ஏறிவிட்டால் அதுவே சரியான குழாய் என்பது இவற்றுள் மூத்த நம்பிக்கை. குழாயை அடையாளம் காண வேண்டிய விதமோ வேறு: அதன் இரண்டு முனைகளும் எங்கெங்கே போய்ச் சேர்கின்றன, உள்ளே ஓடுவது தண்ணீரா, பெட்ரோலா, காற்றா, அது தள்ளப்படுகிறதா உறிஞ்சப்படுகிறதா என்று கேட்ட பிறகே பருமனைப் பார்க்க வேண்டும். மாட்டும்போது வழுக்குவதற்காகக் கிரீஸ் தடவும் வழக்கமும் கைவிடத்தக்கது. ரேடியேட்டர் குழாயின் ரப்பரை எண்ணெய்ப் பசை நாளடைவில் உப்பவைத்து இளக்கிவிடும். சோப்புத் தண்ணீரே போதும். கிளிப் உட்காரவேண்டிய இடம், முனையிலுள்ள புடைப்பைத் தாண்டிய உட்பகுதி.

ரேடியேட்டரின் டாப் ஹோஸ் கொதிநீரைச் சுமப்பதால் அதுவே முக்கியம், பாட்டம் ஹோஸ் எப்படியிருந்தாலும் பாதகமில்லை என்பர் சிலர். இன்ஜினில் சூடேறிய நீர் மேல்குழாய் வழியே ரேடியேட்டரை அடைந்து, ஆறி இறங்கி, கீழ்க்குழாய் வழியே வாட்டர் பம்பால் இழுக்கப்படுகிறது. இழுக்கப்படும் பக்கத்தில் இருப்பதால், நைந்துபோன கீழ்க்குழாய் இன்ஜின் வேகமெடுக்கும்போது உட்புறமாக ஒட்டிக்கொண்டு நீரின் வழியை அடைத்துவிடும். சில குழாய்களின் உள்ளே கம்பிச்சுருள் வைத்திருப்பது இதைத் தடுக்கவே. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் மலைச்சாலையில், கீழ்க்கியரில் இன்ஜின் முழங்க ஏறும்போது கொதிக்கும் வண்டி, ஒர்க்‌ஷாப்பில் ஐடிலிங்கில் நிற்கும்போது குற்றம் ஏதும் காட்டாமல் மெக்கானிக்கைத் திகைக்கவைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பானெட்டைத் திறந்து வைத்து, ஆக்ஸிலரேட்டரை உயர்த்திப் பிடித்துக் கீழ்க்குழாயைப் பார்த்தால் உண்மை பிரத்யட்சமாகும்.

அடுத்தது, நம் வெயிலுக்குத் தெர்மாஸ்டாட் தேவையில்லை என்று அதைக் கழற்றி எறியும் வழக்கம். வெளியே 40 டிகிரி உஷ்ணம் நிலவினாலும், இன்ஜினுக்கு உகந்த உஷ்ணம் அதைப்போல் இருமடங்குக்கும் மேல். தெர்மாஸ்டாட் சுமார் 82 டிகிரியில் திறந்துகொள்வதற்கு அதுவே காரணம். அதை நீக்கினால் இன்ஜின் உரிய சூட்டை அடைய வெகுநேரம் பிடித்து, பெட்ரோல் விரயமாகி, தேய்மானமும் கூடுகிறது. காலையில் குளிர்ந்த இன்ஜினை இயக்கி மேல்குழாயின்மீது கைவைத்துப் பாருங்கள்: சில நிமிஷங்கள் அது ஆறியே இருந்து, பிறகு திடீரென்று சுடுமானால் தெர்மாஸ்டாட் தன் கடமையைச் செய்கிறது. 1843இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்து செல்லும் வேளையில் அம்பாசடர் கொதிப்பதற்கும் தெர்மாஸ்டாட்டைப் பழிக்கிறோம். அதன் விசிறி பெல்ட்டினால் இன்ஜினோடு சேர்ந்து சுழல்வதால், இன்ஜின் மந்தமாக ஓடும்போது காற்றும் மந்தமாகிறது என்பதையும், பெல்ட் தளர்ந்திருக்கலாம், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம் என்பதையும் மறந்துவிடுகிறோம்.

தாமிரபரணித் தண்ணீர் இருக்கக் கூலன்ட் எதற்கு, அது பனி பெய்யும் நாட்டுச் சரக்கல்லவா என்று கேட்பவர்களின் ஆற்றுப் பற்று எனக்கும் உண்டு. பொதிகையில் பிறந்து பாபநாசத்தில் இறங்கும் அந்த நீர் பருக இனியதே. ஆயினும் எந்த ஆற்று நீரிலும் கரைந்திருக்கும் பிராணவாயுவும் உப்புகளும், சூடான இரும்போடு சேர்ந்து துருவையும் படிவையும் உண்டாக்குவது இயற்கை. கூலன்டையும் தாது நீக்கிய நீரையும் சரிபாதியாகக் கலந்தால் கொதிநிலை சுமார் 107 டிகிரிக்கு உயர்வதோடு, அதிலுள்ள துருத்தடுப்பு மருந்து வாட்டர் பம்பையும் ரேடியேட்டரையும் காக்கிறது.

கார்புரேட்டரைச் சுற்றியுள்ள மெல்லிய வேக்குவம் குழாய்களைப் பற்றிய மயக்கமே எல்லாவற்றிலும் பெரிது. இழுப்பு உள்ள முனைகள் யாவும் ஒன்றே, மிஞ்சியதை அடைத்துவிடலாம் என்று எண்ணுகிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் குழாய் பெரும்பாலான கார்புரேட்டர்களில் திராட்டில் தகட்டுக்குச் சற்று மேலேயுள்ள சிறு துளையில் சேர்கிறது. ஐடிலிங்கில் அத்துளையில் விரல் வைத்தால் இழுப்பு தெரியாது. திராட்டிலைச் சிறிது திறந்ததும் விரல் நுனியைப் பற்றி இழுக்கும். அந்த இழுப்பே நாங்குநேரி வழியாக நாகர்கோவிலுக்கு நிதானமாக ஓடும்போது தீப்பொறியை முன்கூட்டித் தந்து பெட்ரோலை மிச்சப்படுத்துகிறது. அதே குழாயை எப்போதும் இழுப்புள்ள மேனிஃபோல்டில் மாட்டிவிட்டால் ஐடிலிங் உயர்ந்துவிடும்; அதைத் தணிக்க ஸ்குரூவைத் திருக, ஒன்றைச் சீர்செய்யப் போய் மற்றவையும் கெடுகின்றன. ஆதலால் எந்தக் குழாயையும் கழற்றுமுன் அதன் முனைக்கும், அது விட்டுவந்த முனைக்கும் ஒரே எண் எழுதிய காகித டேப்பை ஒட்டிவிடுவது உத்தமம்.

பிரேக் பூஸ்டர் உள்ள வண்டிகளில் மேனிஃபோல்டிலிருந்து செல்லும் குழாயின் ஒருவழி வால்வை எப்புறம் மாட்டினாலும் ஒன்றே என்பது அபாயமான நம்பிக்கை. பூஸ்டர் பக்கமிருந்து வாயால் ஊதினால் காற்று கடக்க வேண்டும், எதிர்ப்புறமிருந்து கடக்கலாகாது. இன்ஜினை நிறுத்திப் பெடலைப் பலமுறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யும்போது கால் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டருக்கு இழுப்பு முறையாகப் போய்ச் சேருகிறது என்று அறியலாம். இந்த இடத்தில் மெல்லிய பெட்ரோல் குழாயைப் போட்டால், இழுப்பில் அது தட்டையாகிவிடும்.

அவ்வாறே தண்ணீர்க் குழாயைப் பெட்ரோலுக்கு மாட்டுவோரும் உளர். பெட்ரோல் ஊறிய அந்த ரப்பர் பருத்து, இளகி, சூடான இன்ஜின்மீதே கசியத் தொடங்கும். 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நம் பங்குகளுக்கும் வரத் தொடங்கிவிட்டதால், அதை அறியாத காலத்தில் செய்யப்பட்ட பழைய பெட்ரோல் குழாய்களை வளைத்தும் அழுத்தியும் பார்த்து, வெடிப்போ பிசுபிசுப்போ தென்பட்ட மாத்திரத்தில், எத்தனாலைத் தாங்கும் குழாயாகக் கேட்டு வாங்கி மாற்றிவிட வேண்டும்.