குதிரை ஏறுமுன் கொஞ்சம் இயற்பியல்

கோடை விடுமுறையில் உதகைக்கோ கொடைக்கானலுக்கோ சென்றால், ஏரிக்கரையில் சேணம் பூட்டிய குதிரைகள் நிற்பதைக் காண்பீர்கள். அதில் ஏறி மலைப்பாதையில் ஒரு சுற்றுப் போய்வர யாருக்குத்தான் ஆசை இராது? தாராளமாகப் போகலாம். ஆனால் அதற்கு முன் ஐந்து செய்திகளை மனத்தில் கொள்ளுங்கள். பெரும்பாலும் உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ளவைதாம்!

1. கண்: குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் உள்ளன. ஆகவே அது ஏறத்தாழ 350 பாகை வரை சுற்றிலும் பார்க்கும். தனக்கு நேர் பின்னால் இருப்பது மட்டும் அதற்குத் தெரியாது. மூக்கிற்கு மிக அருகே நேர் முன்னால் உள்ளதும் தெரியாது. பின்புறமாக ஓசையின்றி நெருங்கினால் மிரண்டு உதைக்கக்கூடும். எனவே பேச்சுக் கொடுத்தபடி, இடது தோள் பக்கமாக அணுகுங்கள். பாதையிலும் முன்னே செல்லும் குதிரைக்கு ஒரு குதிரை நீளமாவது இடைவெளி விடுங்கள்.

2. வார்: நீங்கள் ஏறும்போது உங்கள் எடை முழுவதும் ஒரு பக்க அங்கவடியில் விழுகிறது. திருகியைப் போல அது சேணத்தைச் சுழற்றப் பார்க்கிறது. இதுவே திருப்புத்திறன். சேணத்தை உடலோடு பிணைக்கும் வார் தளர்ந்திருந்தால், சேணத்தோடு நீங்களும் வயிற்றுப் பக்கம் சரிவீர்கள்! வாரை இறுக்கும்போது சில குதிரைகள் மார்பை உப்ப வைத்துக்கொள்ளும். ஆகவே குதிரையைச் சற்று நடத்திய பின், ஏறுமுன் மறுபடியும் வாரைச் சரிபார்க்கும்படி குதிரைக்காரரிடம் கேளுங்கள்.

3. காலணி: விழுவதைவிட ஆபத்தானது, கால் அங்கவடியில் சிக்கி, ஓடும் குதிரையால் இழுத்துச் செல்லப்படுவது. செருப்பு கூடாது. சுமார் 2 செ.மீ. குதிகால் உயரமுள்ள மூடிய காலணி அணியுங்கள். பாதம் வளையத்துக்குள் நழுவிப் போகாமல் குதிகால் தடுக்கும். பாதத்தின் முன்பகுதியை மட்டும் அங்கவடியில் வைத்து, குதிகாலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

4. தலை: குதிரைமேல் அமர்ந்தால் உங்கள் தலை தரையிலிருந்து சுமார் 2 மீட்டர் உயரத்தில் இருக்கும். அவ்வுயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும் வேகம் என்ன? v² = 2gh என்பதில் இட்டுப் பாருங்கள்: வினாடிக்கு 6.3 மீட்டர், அதாவது மணிக்கு 22 கி.மீ.க்கு மேல்! கல்லில் மோதி 2 மி.மீ.க்குள் நிற்பதாகக் கொள்வோம். தலைக்கவசத்தின் உள்ளுறை நசுங்கி அத்தொலைவை 2 செ.மீ. ஆக்கினால், சராசரி விசை பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. தலைக்கவசம் கிடைக்காவிட்டால் சவாரியை இன்னொரு நாளுக்குத் தள்ளிப் போடுங்கள்.

5. அமரும் முறை: குதிரை திடீரென நின்றால், நிலைமத்தினால் உங்கள் உடல் முன்னோக்கிப் பாயும். நிமிர்ந்து, தளர்வாக அமருங்கள். மேட்டில் ஏறும்போது சற்று முன் சாயுங்கள். சரிவில் இறங்கும்போது முன்னே சாயாமல் நேராக இருங்கள். உங்கள் ஈர்ப்பு மையம் குதிரையின் கால்களுக்கு இடையே அமைந்தால் அதற்கும் சுமை எளிது.

வழியில் அதன் காதுகளைக் கவனியுங்கள். முன்னோக்கி நிமிர்ந்தால் எதையோ கூர்ந்து கவனிக்கிறது. பின்னால் படிந்து ஒட்டிக்கொண்டால் கோபம் என்று பொருள். இவ்வளவும் தெரிந்து ஏறினால் அச்சம் விலகும், மலையின் அழகும் கண்ணில் படும்.

இனி ஒரு கணக்கு: குதிரை உயரமாக இருந்து, உங்கள் தலை 2.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் விழும் வேகம் எவ்வளவு? போட்டுப் பாருங்களேன்!